அவருக்குத் தெரிந்த சந்து

"இந்த எடத்துல இடது பக்கம் திரும்புனா ஒரு சந்து வரும்" என்றார் நாச்சிமுத்து. திரும்பினார்கள். சந்து வந்தது.

சாந்தாமணி ஒரு நொடி நின்று, பிறகு நடந்தாள். சந்து என்றால் சந்துகூட இல்லை, ஏதோ ஒரு வீட்டு வாசல். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மரக்கதவு, பச்சைப் பெயின்ட் உரிந்து கிடந்தது, பக்கத்தில் பெயர் ஒட்டிய அழைப்பு மணிகள். வெளியூர்க்காரன் எவனும் அதைத் தள்ளிப் பார்க்கத் துணிய மாட்டான். அவர் தள்ளினார். எந்த இடத்தில் கை வைத்தால் திறக்கும் என்று தெரிந்த மாதிரி, தோளைக் கொஞ்சம் கொடுத்துத் தள்ளினார். உள்ளே வளைந்த கூரை, ஈரச் சுவர் வாடை, குப்பைத் தொட்டிகள், சாய்த்து வைத்த ஒரு சைக்கிள், அப்புறம் வானம் தெரிகிற சின்ன முற்றம், மறுபடி ஒரு வளைவு, அதைத் தாண்டினால் மறு தெரு, வெயில், கூட்டம். பிராக் நகரத்தில் இப்படி வீடுகளுக்குள் புகுந்து புறப்படுகிற வழிகள் நிறைய உண்டு என்று விமானத்தில் புரட்டிய புத்தகத்தில் போட்டிருந்தது. பொதுவாகப் போட்டிருந்தது. இந்தக் கதவு என்று போடவில்லை. போன் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது, ஓட்டலை விட்டுக் கிளம்பியதிலிருந்து அதை அவர் வெளியே எடுக்கவே இல்லை, அவள் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். முப்பது வருஷமாக இந்த மனுஷன் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்? பிராகா, அதை யாரு கண்டா, ஏரோப்ளேன்ல இருந்து இறங்குனதும் கம்பெனிக் கார் வந்து அள்ளிப் போட்டுட்டுப் போயிருச்சு, ஏழு மாசம் கழிச்சு அதே கார்ல கொண்டாந்து ஏத்திவுட்டாங்க, ஊரையே நான் பாக்கல. கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார், மகனிடம் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார். கேட்காதவர்களிடமும் ஏன் சொன்னார்? இப்போதுதான் அது உறைத்தது. பார்க்காத ஊரைப் பார்க்கவில்லை என்று இத்தனை பேரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் லண்டனைப் பார்த்ததில்லை. யாரிடமும் போய்ச் சொன்னதில்லை.

"ஏனுங்க, இந்த வழி உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"ஒரு ஊகந்தான்" என்றார், திரும்பிப் பார்க்காமல். "பழைய ஊருன்னா எல்லாம் இப்புடித்தான இருக்கும்."

ஊகம். சாந்தாமணி சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்து மூன்று வருஷம் பத்திரப்பதிவு அலுவலகங்களில் உட்கார்ந்து, எதிரே நிற்கிற ஆள் தான் சொல்கிற ஆள்தானா என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். பொய் சொல்கிறவன் முகத்தை மறைப்பான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். அது தப்பு. அவன் முகத்தை நன்றாகக் காட்டுவான், சிரிப்பான், மேடம் சாப்பிட்டீங்களா என்று கேட்பான். கையைத்தான் பார்க்க வேண்டும். விரலில் மை தொட்டுப் பத்திரத்தில் வைக்கப் போகும் நேரத்தில் கை ஒரு அணு பின்னால் போகும். நாச்சிமுத்துவின் கை இப்போது அந்தப் பச்சைக் கதவில் பின்னால் போகவில்லை. அதுதான் சங்கடம். பொய் அவர் வாயில் இருந்தது, உண்மை கையில் இருந்தது. இதை இப்படியே விட்டுவிடலாம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நாலாயிரம் மைல் கடந்து வந்திருக்கிறோம், வயது அறுபதைத் தொட்டாகிவிட்டது, முட்டி வலிக்கு உறை போட்டுக்கொண்டு நடக்கிறோம், ஒரு கதவை வைத்துக்கொண்டு என்ன வழக்கு. ஆனால் கால் நடக்க நடக்க மனசு அந்தக் கதவிடமே போய் நின்றது. மகன் அருள் டிக்கெட் போடுகிறேன் என்றபோது பாரிஸ் என்றுதான் சொன்னான். சுவிட்சர்லாந்து என்றான், அம்மாவுக்குப் பனி பிடிக்கும் என்றான். இவர்தான், எதற்கும் வாய் திறக்காத இவர், சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாத இவர், "பிராகே போட்டுரு" என்றார். தேதியும் இவர்தான் சொன்னார். செப்டம்பர் இருபதாம் தேதி விமானம். இருபது. அவருக்கு அந்தத் தேதி மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாரா என்று அவள் அன்றைக்கே யோசித்தாள், கேட்கவில்லை. அந்தத் தேதியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

மணிக்கூண்டுச் சதுக்கத்தில் கூட்டம் கழுத்தை நிமிர்த்தி நின்றது. மணி பத்தாகப் போகிறது, கடிகாரத்துக்கு மேலே இரண்டு சன்னல் திறக்கும், மரப் பொம்மைச் சாமியார்கள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடிக்கும். அறுநூறு வருஷத்துக் கடிகாரம். குடையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டிப் பெண் ஒருத்தி இங்கிலீஷில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், பைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாரும் மேலே பார்க்கிற நேரத்துக்காகத்தான் திருடர்கள் காத்திருக்கிறார்கள் என்று. சாந்தாமணி கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். எலும்புக்கூடு மணி அடித்தது. நூறு போன்கள் மேலே உயர்ந்தன. அவள் மேலே பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். அவரும் மேலே பார்க்கவில்லை. சதுக்கத்தின் எதிர்ப்பக்கம், தேவாலயத்தின் இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே வரிசையாக இருந்த கட்டிடங்களில், எதையோ தேடிக்கொண்டிருந்தார். முதல் தடவை வருகிறவன் கடிகாரத்தைப் பார்ப்பான். ஏற்கெனவே பார்த்தவன்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். யாரைத் தேடுகிறார்? அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, இல்லை, வந்தது என்று சொல்ல முடியாது, எத்தனையோ வருஷமாக எங்கேயோ மடங்கிக் கிடந்தது நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு பெண்.

அப்படி நினைத்ததும் உடம்பில் ஒரு வெப்பம் ஏறியது, கூடவே, சொல்ல வெட்கம், ஒரு திருப்தியும் வந்தது. எல்லாம் பொருந்தியது. தொண்ணூற்று நாலில் அவருக்கு முப்பத்திரண்டு வயசு. கோயம்புத்தூரில் தறி இயந்திரம் செய்கிற கம்பெனியில் வேலை, பயிற்சிக்கு இந்த நாட்டுக்கு அனுப்பினார்கள், வடக்கே மலையடிவாரத்தில் ஒரு தொழிற்சாலை. ஏழு மாசம். ஞாயிற்றுக்கிழமை லீவு. பஸ்ஸோ ரயிலோ பிடித்தால் பிராகுக்கு வந்து போகலாம். அவள் அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் கொடுத்தாள். ஓட்டல் வரவேற்பில் சாவி கொடுத்த பெண்ணின் முகத்தையே கொடுத்து, அதில் முப்பது வருஷத்தை ஏற்றினாள். கன்னம் தொங்கியது, முடி வெளுத்தது, ஆனாலும் அழகாகத்தான் இருந்தாள் கழுதை. அதற்கப்புறம் தெருவில் அறுபது வயசுப் பொம்பளை யார் வந்தாலும் சாந்தாமணியின் கண் முதலில் அவளைப் பார்த்தது, அடுத்தது இவரைப் பார்த்தது. பூக்கடையில் நின்றவள் இவரைப் பார்த்துத் தலையசைத்தாள். இல்லை, பின்னால் வந்த யாருக்கோ அசைத்தாள். ட்ராம் நிறுத்தத்தில் ஒருத்தி நாய்க்குட்டியோடு நின்றாள், இவர் அவளைத் தாண்டும்போது வேகமாக நடந்தார். ஏன் வேகம்? நாய்க்காகவா, அவளுக்காகவா? தரையெல்லாம் உள்ளங்கை அளவு சதுரக் கல், கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம் மாதிரிப் பதித்தது, செருப்பு சறுக்கியது. அவர் ஒரு முறையும் சறுக்கவில்லை. ரொட்டிக்கடையில் காபி வாங்கியபோது கடைக்காரியிடம் "டெக்குயி" என்றார். நன்றி என்று அர்த்தமாம். அதைக்கூட ஏழு மாசத் தொழிற்சாலையில் கற்றிருக்கலாம். கற்றிருக்கலாம்தான். ஆனால் அந்தச் சொல்லை அவர் சொன்னபோது குரல் இளசாக இருந்தது. வீட்டில் அவளுக்கு அந்தக் குரல் கிடைப்பதில்லை.

ஆற்றுப் பாலத்தில் ஏறினார்கள். கல் பாலம், இரண்டு பக்கமும் கறுத்த சிலைகள், சிலுவையைக் கட்டிப் பிடித்தவர்கள், கத்தியோடு நிற்பவர்கள், தலைக்குப் பின்னால் நட்சத்திரம் சூடிய ஒருவர். படம் வரைகிறவர்கள், மணி மாலை விற்கிறவர்கள், முழந்தாளிட்டு நெற்றியைத் தரையில் பதித்துப் பிச்சை கேட்கிற ஒருவன். முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் நீட்டியிருந்தான். அகலமான ஆறு, மேலே மலையில் கோட்டை. இவ்வளவு அழகான ஊருக்கு வந்து சந்தேகத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது, ஆத்திரமும் அவர் மேல்தான் போய் விழுந்தது. எதிரே ஒருவன் வந்தான், முப்பது வயசு இருக்கும், மாநிறம், சுருட்டை முடி, தோளில் கேமரா. அவன் காதைப் பார்த்தாள். நாச்சிமுத்துவின் காது மடல் கீழே தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், அருளுக்கும் அப்படித்தான். கை ரேகைக்கு அடுத்தது காதுதான் என்று பழைய மேலதிகாரி ஒருவர் சொல்வார். இவன் காதும் ஒட்டியிருந்தது. அவன் போர்ச்சுகீசோ எதுவோ பேசிக்கொண்டு மனைவியோடு கடந்து போனான். அடச்சீ என்று இருந்தது. ஆனாலும் எண்ணம் போன தூரம் போனதுதான், திரும்பக் கூப்பிட முடியவில்லை. ஒரு பெண் இருந்திருந்தால் ஒரு பிள்ளையும் இருந்திருக்கலாம். தொண்ணூற்று ஐந்தில் பிறந்து, இந்த ஆற்றங்கரையில் வளர்ந்து, இந்தக் கல்லில் விழுந்து முட்டி சிராய்த்து, பள்ளிக்கூடம் போய். தேனு போன மறு வருஷமே.

தேனு. தேன்மொழி. அந்தப் பெயரை மனசுக்குள் சொன்னதும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கை வைத்துக்கொண்டாள். கல் சில்லென்றிருந்தது. பதினோரு மாசம். காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது, ராத்திரியெல்லாம் துணி நனைத்துப் போட்டாள், விடியற்காலையில் கண் மேலே சொருகிவிட்டது, ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினாள், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உடம்பு சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டை நம்பித்தான் உள்ளே ஓடினாள். தொண்ணூற்று நாலு, செப்டம்பர் இருபது, செவ்வாய்க்கிழமை. அண்ணன் தண்டபாணிதான் எஸ்டிடி பூத்துக்குப் போய், இந்த நாட்டுத் தொழிற்சாலைக்குப் போன் போட்டுச் சொன்னான். குழந்தையை அன்றைக்கே சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள், பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று. அவள் அண்டை வீட்டில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், புதன், வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை மதியம் மணி அடித்தது. "சாந்தா, டிக்கெட் கெடைக்கல" என்றார். "எல்லா ஏரோப்ளேனும் நெறஞ்சு போச்சு. கம்பெனிக்காரங்க எவ்வளவோ பாத்தாங்க." அப்புறம் போன் லைன் இரைந்துகொண்டே இருந்தது. தண்டபாணி கத்தினான். பெத்த புள்ள செத்துக் கெடக்குது, அங்க அவன் என்னத்தக் கிழிக்கறான் என்றான். அவள்தான் சொன்னாள், டிக்கெட் கெடைக்கலீங்ணா, அவரென்ன பண்ணுவாரு. மாமியார் கேட்டபோதும் அதையே சொன்னாள், அலுவலகத்தில் துக்கம் விசாரித்தவர்களிடமும் சொன்னாள். வருஷக்கணக்காகச் சொன்னாள். சொல்லிச் சொல்லி அது முத்திரை குத்திப் பதிவான பத்திரம்போல ஆகிவிட்டது, இனி யாரும் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

போன வருஷம் ஈரோட்டில் ஒரு கல்யாணத்தில் ஏலியாம்மா புரட்டிப் பார்த்தாள். ஏலியாம்மாவின் வீட்டுக்காரர் வர்கீஸ், இவரோடு அதே பயிற்சிக்கு வந்திருந்தவர், தவறிப்போய் மூணு வருஷம் ஆகிறது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஏலியாம்மா மலையாளம் கலந்த தமிழில் பழையதை எல்லாம் பேசிக்கொண்டே வந்து, "அந்த மோளு போனப்போ சார் நாட்டுக்கு ஓடி வந்தாரில்லே, வர்கீஸ் தான் காரில் ஏர்போர்ட்டுக்குக் கொண்டு விட்டது, திரும்பி வரும்போ வழியெல்லாம் அழுதுன்னு சொல்லும்" என்றாள். சாந்தாமணி பாயசத்தைக் கீழே வைத்துவிட்டாள். இல்லீங்க, அவரு வரலீங்க என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஏலியாம்மாவுக்குச் சர்க்கரை, ஞாபகம் குழம்பியிருக்கும், வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறாள் என்று மூடி வைத்தாள். வீட்டுக்கு வந்து ஆல்பத்தை எடுத்தாள். தொண்ணூற்று நாலு அக்டோபரில் எடுத்த படம், தொழிற்சாலை வாசலில் இவரும் வர்கீசும். இவர் தலை ஒட்ட வெட்டியிருக்கும், முள் முளைத்த மாதிரி. வந்த புதிதில் கேட்டபோது, ஆஸ்டல்ல பேனு, மொத்தமா எடுத்துட்டேன் என்றார். வர்கீசுக்கு மட்டும் முடி அடர்ந்து நிற்கிறது. ஒரே அறையில் தங்கியவர்கள். பேன் ஒரு தலையில் மட்டும் ஏறுமா? அந்தப் படத்தையும் அவள் மூடி வைத்தாள். இப்போது பாலத்தின் மேல் நின்று எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். ஏர்போர்ட் வரை போனார். ஊருக்கு வரவில்லை. அப்படியானால் இங்கே இருந்திருக்கிறார். என் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் இந்த ஊரில், அந்தப் பச்சைக் கதவுக்குள், அவளோடு. தலைமுடிதான் எங்கேயும் பொருந்தவில்லை. பொருந்தாத ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட முடியாது. அந்தப் பெண் அந்தத் துக்கத்தில் இவரை மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்திருப்பாள். தட்டிக் கொடுக்கிற கை எப்படி இருக்கும் என்றுகூட சாந்தாமணிக்குத் தெரிந்தது.

"கால் வலிக்குதா?" நாச்சிமுத்து திரும்பி வந்து நின்றார்.

"இல்லீங்க."

"இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"எதுக்குக் கொஞ்ச தூரம்? எங்க போறமுங்க?"

பாலம் முடிவதற்கு முன்பே பக்கவாட்டில் ஒரு கல் படிக்கட்டு கீழே இறங்கியது, அவர் அதில் இறங்கினார். கோட்டைக்கு நேரே மேலே போக வேண்டும், கையில் நுழைவுச் சீட்டு இருக்கிறது, பதினொன்றரைக்கு. அதை அவரே மறந்துவிட்டார். கீழே மரங்களுக்கு நடுவே அமைதியான இடம், வாய்க்கால், பாசி பிடித்த பழைய மர உருளை ஒன்று தண்ணீரில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஒரு கிழவி ரொட்டியைப் பிய்த்து வாத்துகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நீலத் தொப்பி, மெலிந்த கழுத்து. நாச்சிமுத்து அவளைப் பார்த்துத் தயங்கினார். இவள்தான். அழகாகக்கூட இல்லையே என்று தோன்றியது, அதில் ஒரு ஏமாற்றம் இருந்தது. என்ன பேசுவது, கும்பிடுவதா, இவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா, பிள்ளை எங்கே என்று எடுத்ததும் கேட்பதா. நாச்சிமுத்து கிழவியைத் தாண்டிப் போனார். கிழவி தலையைத் தூக்கவே இல்லை. அவர் தயங்கியது அவளுக்குப் பின்னால் பிரிந்த இரண்டு பாதைகளைப் பார்த்து. வலதா இடதா என்று இந்தக் காலையில் முதல் தடவையாக அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று, வலதுபக்கம் நடந்தார். ஒரு வளைவுக்குள் நுழைந்து வெளியே வந்ததும் ட்ராம் தண்டவாளம் போட்ட சின்னத் தெரு. மஞ்சள் வீடு, ரோஜா நிற வீடு, அதற்கடுத்து ஒரு கடை. பயணிகள் பெட்டிகளை மணிக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டுப் போகிற கடை, கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் இரும்புப் பெட்டிகள் சுவர் முழுக்க. அதன் முன்னால் நின்றார்.

"இது ஒரு முடிவெட்டற கடையா இருந்துச்சு, சாந்தா" என்றார்.

அவள் கைப்பையை இன்னும் இறுக்கினாள்.

"அந்தப் போட்டோவுல பேனுன்னு சொன்னேனல்ல? பேனில்ல. டிக்கெட் கெடச்சுது. கம்பெனிக்காரங்க அன்னைக்கே போட்டுக் குடுத்துட்டாங்க. பிராங்க்பர்ட் போயி, பாம்பே வந்து, அங்கிருந்து கோயம்புத்தூரு. வர்கீசுதான் புதன்கெழம காலைல ஏர்போர்ட்ல எறக்கிவுட்டுட்டுப் போனான். எல்லாரும் வரிசையில போனாங்க. நானு சேர்ல உக்காந்திருந்தேன். எந்திரிக்க முடியல."

"எதுனால?"

"வீட்டுக்குள்ள வந்தா தொட்டில் கட்டுன கொக்கி இருக்கும். அதுக்குக் கீழ நீ உக்காந்திருப்ப. உன்ற மொகத்தப் பாக்கறதுக்குப் பயமா இருந்துச்சு." அவர் ஆரஞ்சுப் பெட்டிகளைப் பார்த்தே பேசினார். "கம்பெனிக்காரங்ககிட்ட ஊருக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னேன். உனக்கு டிக்கெட் கெடைக்கலன்னு சொன்னேன். அஞ்சு நாளு இந்த ஊருல சும்மா நடந்தேன்."

ஒரு ட்ராம் தெருவை நிறைத்துக்கொண்டு வந்தது, சிவப்பும் வெள்ளையும், சன்னலெல்லாம் முகங்கள். அது போகிற வரைக்கும் இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். சாந்தாமணி தன் மனசு என்ன செய்கிறது என்று வெளியே நின்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். அது அந்தப் பெண்ணைத் தேடியது. நீலத் தொப்பிக்காரியை, பூக்கடைக்காரியை, வரவேற்பில் நின்றவளை. யாருமே இல்லை. ஒரு பெண்ணாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. ஒருத்தி இருந்திருந்தால் அவள் மேல் எல்லாவற்றையும் போட்டிருக்கலாம், அவள் முடியைப் பிடித்து இழுக்கலாம், இவரைக்கூட ஒரு நாள் மன்னித்திருக்கலாம். இதில் பிடித்து இழுக்க எதுவும் இல்லை. ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், அவர் பயந்தது சாந்தாமணியின் முகத்துக்கு. அவள் முகத்துக்கு. அந்த முகத்தோடுதான் அவள் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், புதன், வியாழன், வெள்ளி. அவரென்ன பண்ணுவாரு என்று ஊரெல்லாம் சொன்னதும் இந்த வாய்தான்.

"வந்திருந்தாலும் நீங்க குழந்தையப் பாத்திருக்க முடியாது" என்றாள். குரல் அலுவலகக் குரலாக வந்தது. "அன்னைக்கே எடுத்தாச்சு. என்னப் பாத்திருக்கலாமல்லங்க?"

நாச்சிமுத்து கண்ணாடியிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார்.

இதுவும் பொய்யாக இருந்தால்? அது எழுந்தது, அந்தப் பழைய பழக்கம், வலிக்கு நடுவிலும் எழுந்து உட்கார்ந்தது. முப்பது வருஷம் ஒரு பொய்யைக் கலையாமல் காப்பாற்றியவருக்கு இன்னொன்று செய்யத் தெரியாதா? பச்சைக் கதவு இன்னும் அங்கேயே நிற்கிறது. அவள் எதிரே நிற்கிற மனுதாரரைக் கேட்பதுபோல வரிசையாகக் கேட்டாள். எங்க தங்குனீங்க? ரயில் ஸ்டேசன் பக்கத்துல ஒரு ரூமு, ஆறு கட்டிலு. அந்தக் கதவு? அது வழியாப் போனா மழையில நனையாம ஆத்துக்குப் போலாம், மூணு நாளு விடாம மழ. சதுக்கத்துல எதத் தேடுனீங்க? போஸ்ட் ஆபீச, அங்கிருந்துதான் உனக்குப் போன் பண்ணுனேன், இப்பக் காணம். இந்தக் கடைக்காரன் எப்புடி இருந்தான்?

"வயசானவரு. வெள்ளக் கோட்டு. மொட்ட அடிக்கணும்னு கையில காட்டுனேன். அவருக்கு வெளங்குச்சு, ஆனா மாட்டேன்னு தலையாட்டுனாரு. என்ற முடி அப்ப நல்லா இருக்குமல்ல. கண்ணாடியில காட்டி, இத எதுக்குன்னு கேட்டாரு. பாசை தெரியாது. என்னன்னு சொல்லறது? சின்னக் கொழந்த போனா அப்பன் மொட்டையெல்லாம் அடிக்கறதில்ல, எனக்குத் தெரியும். ஆனா எதாச்சும் ஒண்ணு பண்ணோணும்னு இருந்துச்சு. கையிலயே காட்டுனேன். இத்தாப் பெரிசுன்னு."

காட்டினார். தெருவில், அந்தக் கடைக் கண்ணாடிக்கு முன்னால், இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க, நடுவே காற்றில் ஒரு நீளத்தைப் பிடித்துக் காட்டினார். விரல்கள் தாமாகவே கொஞ்சம் வளைந்திருந்தன, தலைக்குக் கொடுக்கிற கை அகலமாக, காலுக்குக் கொடுக்கிற கை குறுகலாக. "அவரு என்ற கையவே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் போயிக் கடைக் கதவ உள்பக்கமாச் சாத்திட்டு வந்து, கத்திய எடுத்தாரு" என்றார். கையை இறக்க அவருக்குத் தோன்றவில்லை.

சாந்தாமணி அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒரு அணுகூடப் பின்னால் போகவில்லை. ஆனால் அளவு தப்பு. அது அவளுக்கு உடனே தெரிந்தது. உடம்பின் எந்த மூலையில் இருந்தோ தெரிந்தது. அந்த நீளம் ஏப்ரல் மாசத்து நீளம், அவர் விமானம் ஏறிய மாசத்து நீளம். ஆறு மாசக் குழந்தை, கவிழ்ந்து படுத்துத் தலை தூக்குகிற குழந்தை. அவருக்குத் தெரிந்தது அதுதான். அதைத்தான் அந்தக் கிழவருக்குக் காட்டியிருக்கிறார், அதை வைத்துக்கொண்டுதான் அஞ்சு நாள் மழைக்குள் நடந்திருக்கிறார், முப்பது வருஷமும் அந்த அளவைத்தான் சுமந்திருக்கிறார். அதற்கப்புறம் தேனு வளர்ந்தது இவருக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லவில்லை. இவளும் சொல்லவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது, இவர்கள் வழியை மறித்து நிற்பதைப் பார்த்து ஒதுங்கிச் சுற்றிப் போனது. சாந்தாமணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள்.

"இல்லீங்க" என்றாள். "தேனு இன்னும் பெரிசா இருந்தா."

பிடித்து, மெதுவாக, ஒரு சாண் அளவுக்கு அந்தக் கைகளை விலக்கினாள். நிறுத்தினாள். பார்த்தாள். இன்னும் ஒரு விரற்கடை விலக்கினாள்.

"இவ்வளவு" என்றாள். "செவுத்தப் புடிச்சு எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சிருந்தா."